லயம் இல்லாத மலை

வெளியில் போய் உட்கார்ந்து மலையும் மரமும் வரைவது மனதுக்கு இதம் என்பார்கள். சொன்னவர்கள் யாரும் வாரம் முழுக்கக் கண்டிப் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு கம்பளைக்கு ரயிலேறி, வர்ணப்பெட்டியும் குடையுமாய் மலையேறியவர்கள் அல்லர். எனக்குக் கால்தான் வலித்தது. ஆனாலும் ஏறினேன். அப்பாவுக்கு நடை நின்றுபோயிருந்தது. நான் பிறந்த, அம்மா இறந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். தூக்கிக்கொண்டு போகவா முடியும்? படமாவது கொண்டுவரலாம் என்று நினைத்தேன்.

எதிர்மலையில் உட்கார்ந்து வரைந்தேன். தூரிகை தாளில் பட்ட பிறகு வலி தெரியவில்லை. மழைக்குச் சற்று முன் தேயிலைப் பச்சையில் ஒரு நீலம் ஏறும். அதைப் பிடிக்கத்தான் மனிதர் இப்படிப் பைத்தியமாய் அலைகிறார்கள்.

அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மலை நல்லாத்தான் இருக்கு. நம்ம லயம் எங்கம்மா?"

எனக்குச் சுரீர் என்றது. நான் படித்த கன்னியர் மடத்தில் எங்களுக்கு வரையப் பழக்கிய முறை அப்படி. தேயிலை இருக்கலாம், மேகம் இருக்கலாம். தோட்டத்து ஆட்கள் காம்பரா என்னும் ஒற்றை அறைகளில் குடியிருக்கும் தகரக் கூரை வரிசை மட்டும் படத்தைக் கெடுக்குமாம். என் கை தானாகவே எங்கள் லயத்தைப் புதராக்கிவிட்டிருந்தது.

இனிமேல் சேர்க்கவும் வழியில்லை. வெயிலில் மின்னும் தகரம் வெள்ளை. நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள். முதலிலேயே அதற்கு இடம் விட்டிருக்கவேண்டும்.

அடுத்த ஞாயிறும் போனேன். போகும் வழியெல்லாம் மடத்தையும் திட்டினேன், அப்பாவையும் திட்டினேன். லயத்துக்கு நீளமாய் இடம் விட்டு, சுற்றிலும் கொஞ்சம் பச்சை தொட்டேன். அதற்குள் மழை கொட்டியது. மலையும் இல்லை, வானமும் இல்லை. நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்து தாளை அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னும் முடியலப்பா. அடுத்த வாரம் போறேன்."

அவர் அந்த வெள்ளைப் பட்டையை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு முனையில் நிறுத்தினார். அந்த இடத்தில் நான் ஒன்றுமே வரைந்திருக்கவில்லை.

"இந்தா, கடைசிக் காம்பரா. இங்கதான் ஒங்கம்மா ஒன்னப் பெத்தா."

பிறகு என் வீங்கிய பாதங்களைப் பார்த்தார்.

"மலை கெடக்கட்டும் புள்ள. நீ இனி ஏறாத."

களைப்பா, வேறெதுவா தெரியவில்லை, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.