மணலில் பதிந்த கால்

திருமழிசையில் என் வார்ப்படப் பட்டறையை ஒற்றை ஆளாக எழுப்பினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் உருக்கிய உலோகத்தை ஊற்றும் அச்சு மணலை ஒரு பிடி பிடித்துக் கையைத் திறப்பேன். விரல் பதிந்த தடம் கலையாமல் நின்றால் மணல் பதம். படித்த இன்ஜினியர்களும் என் கையைத்தான் நம்பினார்கள்.

என் மனைவிக்குப் பல வருடங்களாக மூட்டுவாதம். விரல்கள் கோணி, எலும்பும் தோலுமாக இருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்குச் சதை போட்டது. கன்னம் உப்பியது, கொலுசு இறுகியது. என் சம்பாத்தியம் இப்போதுதான் அவள் உடம்பில் ஒட்டுகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு மத்தியானம், டீ குடித்துவிட்டு வந்தால், சமப்படுத்தி வைத்த மணலில் ஒரு வெறுங்கால் தடம். அகலமாக, விரல்களுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல். மனிதக் கால் மாதிரியே இல்லை.

“எவன்யா மணல்ல மிதிச்சது?”

அச்சு போடும் மூத்த மோல்டர் சிரித்தார். “இன்னா நைனா, கட்னவ காலே தெர்லியா? அம்மாதான் சோறு குட்த்துட்டுப் போச்சு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே வீட்டில் அவள் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தி எடுத்தேன். விழுந்த பள்ளம் மேலே எழும்பவில்லை. பதமான மணல் போல என் தடத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

“இன்னா, மணல் நல்லா கீதா?” என்றாள்.

“ஏன்டி சொல்லல?”

“நீதான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிகினு கீறியே, அத்த நான் ஏன் கெடுக்கணும்? மூணு மாசமா ஒண்ணுக்கு நுரையாப் போவுது. இப்ப ரெண்டு நாளா டீத்தண்ணி கலரு. அதுவும் சொட்டுதான்.”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்தார்கள். மூட்டுவாதத்தால் மெழுகு போல் ஒரு புரதம் உள்ளே படிந்துவிட்டது என்றார் டாக்டர். அதோடு, சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் பிறை பிறையாகச் சதை வளர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமாம். நான் நச்சரித்ததால் அந்தச் சதையை மைக்ராஸ்கோப் கண்ணாடியில் பார்க்க விட்டார். சிவப்புச் சாயம் ஏறிய திட்டுகள். வெளிச்சத்தை எப்படியோ திருப்பினார். திட்டுகள் பச்சையாக ஒளிர்ந்தன; அதுதான் அந்தப் புரதத்துக்கு அடையாளமாம். உலைத்தீயின் அத்தனை நிறமும் அறிந்தவன் நான். அந்தப் பச்சையை எந்த உலையிலும் கண்டதில்லை.

“கால் வீங்கினப்பவே கூட்டிட்டு வந்திருந்தா, ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம்,” என்றார்.

டயாலிசிஸ் செய்தும் ஒன்றரை மாதம்தான் இருந்தாள்.

கடைசியாகக் கால்களை நான்தான் கழுவினேன். பிடித்த இடத்திலெல்லாம் பள்ளம் விழுந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். என் ஐந்து விரல் தடமும் கலையவில்லை. அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.