பூனாவுக்குப் போன சாமியார்

எலுமிச்சம்பழத் தோலை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்க்கிறாள். அப்புறம் மறு கை, நகக்கண், முழங்கை. கருவாட்டு வாடை போயிற்றா என்று மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கிறாள். போகவில்லை. இன்னொரு தோலை எடுக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் தாராவியில் எங்கள் சந்துக் குழாயடிக்கு யார் வந்தாலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான், வியாகுலத்தக்கா கோவிலுக்குப் புறப்படுகிறாள். “சாமி பாவம்லா. அந்தக் கூண்டுக்குள்ள மூச்சு முட்டிப் போயிரும்” என்று கோவில் சாமியாருக்காக இரங்குவாள்.

வியாகுலம் என்றால் துக்கம். மாதாவின் துக்கத்தை நினைத்து வைத்த பெயராம். வைத்தவர்கள் அவள் தொண்டையைக் கேட்டிருக்க மாட்டார்கள். “நெத்திலி, வாளை, சூக்கா பொம்பில்!” என்று வீட்டு வாசலில் கடை விரித்து அவள் எடுக்கிற குரல் சயான் ஸ்டேஷன் வரை போகும். “காலிபீலி சும்மா மோந்து பாக்காதீரும் ஓய். வாங்கினா வாங்கும், இல்லன்னா மூக்கை எடுத்துக்கிட்டுப் போவும்” என்று என்னையே ஒருநாள் விரட்டியிருக்கிறாள். மாதுங்கா அச்சகத்தில் வேலை, பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதற்கெல்லாம் அவளிடம் மரியாதை கிடையாது. யார் வீட்டில் என்ன சண்டை, யார் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை, எல்லாம் கருவாட்டோடு சேர்த்தே பொட்டலம் கட்டித் தருவாள்.

இப்பேர்ப்பட்ட வாயிடம்தான் ஊர் ரகசியத்தை ஒப்படைத்திருக்கிறார்கள். கோவில் சாமியார் கோவாக்காரர், தமிழ் தெரியாது. தோல் கிடங்குகளில் வேலை செய்கிற நம் ஆட்களுக்கோ தமிழை விட்டால் இந்தி மட்டும்தான் வரும். “பாவத்தை இந்தியில சொன்னா வேற எவனோ பண்ணின மாதிரில்லா இருக்கு” என்று அவர்களில் ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் மாகிமில் ஒரு கோவாக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தவள், கொங்கணி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வருகிறவர் பக்கத்தில் அவளும் முக்காடு போட்டு மண்டியிடுவாள். அவர் தமிழில் முணுமுணுப்பதைக் கூண்டின் கம்பிவலை வழியாகக் கொங்கணியில் சொல்வாள். சாமியார் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்வாள். கேட்டதை உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது. சாமியாருக்குள்ள சட்டம்தான் அவளுக்கும்.

முதல் நாள், “இவன் இன்னது பண்ணினானாம்” என்றுதான் சொன்னாளாம். சாமியார் நிறுத்திவிட்டார். இவன் அவன் வேண்டாம், அவர் சொல்கிறபடியே ‘நான்’ என்று சொல்லு என்றாராம். “அன்னையிலேருந்து ஊருப் பாவமெல்லாம் நான் பண்ணின பாவம்யா. மோட்ச வாசல்ல சாவியோட நிக்கிற ராயப்பரு என்னையப் பாத்தா மயங்கி விழுந்திருவாரு” என்று சிரிப்பாள். அந்தக் கூண்டைப் பற்றி அவள் வாயிலிருந்து வருவது இவ்வளவுதான்.

சாமியார் அவளிடம் கற்றுக்கொண்ட தமிழ் ஒரே ஒரு சொல். லத்தீனில் பொறுத்தல் மந்திரம் சொல்லி, கையை உயர்த்திச் சிலுவை வரைந்து, கடைசியில் “போ” என்பார். ‘சமாதானமாகப் போ’ என்று அவள் சொல்லிக் கொடுத்ததில் அவர் நாக்கில் மிஞ்சியது அது. அந்தப் ‘போ’ காதில் விழுந்தால்தான் நம் ஆட்களுக்குப் பாவம் தீர்ந்த நிச்சயம் வரும். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு முகத்தோடு உள்ளே போய் வேறொரு முகத்தோடு திரும்புகிறவர்களைக் கோவில் வாசலில் பார்த்திருக்கிறேன். கண்ணால் கண்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? எல்லாரும் போனபிறகு அக்கா படியில் நின்று முந்தானையை ஒரு உதறு உதறுவாள். கேட்டதெல்லாம் அங்கேயே விழுந்துவிட வேண்டுமாம்.

அவளுக்கென்று ஒரு முள் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன், ஆடி மழையில், அவள் புருஷன் மிக்கேல் காய்ச்சலில் கிடந்தார். பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும், சாமியாரைக் கூட்டிவர அடுத்த வீட்டுத் தொம்மையை அனுப்பினாள். சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசி, பாவம் பொறுத்து வழியனுப்பி வைக்கிற அவஸ்தைப்பூசுதல் அவர்களுக்கு உயிரைவிடப் பெரிது. பெட்டி மேல் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்துக் காத்திருந்தாள். பொழுது சாய்ந்து தொம்மை தனியாக வந்து, “சாமியார் பூனாவுக்குப் போயிருக்காராம்” என்றான். மிக்கேல் போய்விட்டார். அந்தச் சாமியாரும் அந்த மாதமே மாற்றலாகிப் போனார். இப்போதிருப்பவர் அவருக்குப் பின் வந்தவர்.

“எண்ணெ பூசாமப் போன உசுரு. மோட்சம் போக முடியாம உத்தரிக்கிற தலத்து நெருப்புல இன்னும் வேகுதோ என்னமோ” என்பாள். அடுத்த நிமிஷமே அழுகை கோபமாகிவிடும். “அந்தப் பூனாக்காரன் நல்லா இருப்பானா?” பூனா என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும், கடையில் திருவிழாதான். அதைக் கேட்பதற்கென்றே சிலர் பூனா உருளைக்கிழங்கு விலை விசாரிப்பார்கள்.

போன கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை கோவிலில் நல்ல கூட்டம். அக்கா வழக்கம்போல் கடைசியாக வெளியே வந்தாள். முந்தானையை உதறினாள். நடந்தவள் திரும்பிப் படிக்கே வந்து மறுபடியும் உதறினாள். திங்கட்கிழமை காலையில் ஒருவர் அவளைச் சீண்டப் பூனா உருளைக்கிழங்கை இழுத்தார். “அந்தப் பூனாக்காரன் நல்லா இருப்பானா” என்றாள். வார்த்தை அதேதான், ஆனால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நான் நெத்திலி வாங்கிக்கொண்டு நிற்கும்போது தொம்மை வந்தான். கடை முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தான்.

“அக்கா, சனிக்கிழமை நீங்க…”

“சனிக்கிழமை நான் ஒன்னையப் பாக்கவே இல்ல.”

“உங்க வாயாலதானக்கா சொன்னிய. எனக்குக் கொங்கணி தெரியாது. ஆனா ‘பூனா’ன்னு வந்துச்சே, அது வெளங்கிச்சு. உங்க கொரலு கொஞ்சங்கூட அசையலயேக்கா. ‘அந்த வீட்டுல போய் நேர்ல சொல்லு’ன்னு சாமி போட்ட அபராதத்தையும் நீங்கதான எனக்குச் சொன்னிய…”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

“தொம்மை.” அவள் குரல் உயரவில்லை. “அங்க பேசினது நீயும் சாமியும். எனக்கு இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லுததுன்னா மொதல்லேருந்து சொல்லு.”

சொன்னான். அன்று கோவிலுக்குப் போகிற வழியில் மழைக்கு ஒதுங்கினது கள்ளச்சாராயக் கடையில். குளிருக்கு என்று குடித்திருக்கிறான், கண் விழித்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கோவில் பக்கமே போகவில்லை. பயத்தில் வாய்க்கு வந்த ஊர் பூனா. அதற்கப்புறம் இந்த நாலு வருஷமும் அவன் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கவில்லை.

“ஏம்லே இத்தன நாளு?”

“நீங்க ஏசுவியன்னு பயம். அங்க வச்சுன்னா உங்களால ஏச முடியாதுல்லா.”

அவள் இப்போதும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவுக கண்ணை வாசல்லயே வச்சுக்கிட்டுக் கெடந்தாவ தொம்மை. ‘சாமி வந்தாவளா, சாமி வந்தாவளா’ன்னு. தகரத்துல மழை விழுந்தாக்கூட காலடிச் சத்தம்னு நெனச்சாவ.” அழுதாள், எங்களிடம் மறைக்கவில்லை. “ஒரு தப்பும் பண்ணாத அந்தச் சாமியார நாலு வருசமா நாசமாப் போகச் சொன்னேனே. அதை நான் எங்க போய்ச் சொல்ல?”

தொம்மை தலையை மண்ணில் வைத்துவிட்டான். “பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா” என்றான். அவள், கருவாடு வாங்க வந்த ஒரு அம்மாளிடம் “பந்த்” என்று கையசைத்து அனுப்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்திரி. போ.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அது எந்தப் ‘போ’ என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

“போலே. அன்னைக்குப் போகச் சொன்னேம்லா, அங்க போ. போய்ச் சாமியாரக் கூட்டிட்டு வா. அவுக ஆத்துமாவுக்காக மந்திரிக்கணும்னு சொல்லு. வழியில எங்கயும் ஒதுங்காத.”

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான். அக்கா கருவாட்டை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அதன்மேல் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாள். அப்புறம் வாசலில் உட்கார்ந்து, தொம்மை போன வழியிலிருந்து கண்ணை எடுக்காமல், எலுமிச்சம்பழத் தோலை உள்ளங்கையில் தேய்க்கத் தொடங்கினாள்.