நெத்திலி காய்ந்த பசுமைக்குடில்

பசுமைக்குடில் என்பது குளிர்நாட்டுக்காரன் வெயிலைப் பிடித்து அடைத்து வைத்துக்கொள்வதற்காகக் கட்டிய கூடு. எங்கள் ஊர் நன்னிலத்தில் வெயிலைப் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கூப்பிடாமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கட்டினேன்.

காரணம் ஒரு கனடாக் கிழவன். மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் அவனைப் பார்த்தேன். வெளியே பனி முழங்கால் வரை கிடக்கிறது. குடிலுக்குள்ளே அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தக்காளி பறிக்கிறான். வேலி வழியாக எண்ணினேன். நாற்பத்து மூன்று பழம். என்னைவிட வயதானவன், என்னைவிட முழங்கால் மோசமானவன். அவனால் முடிகிறது என்றால் எனக்கென்ன கேடு? உள்ளே ஹீட்டர் இருந்த விஷயத்தை மகன் என்னிடம் சொன்னது நான் ஊருக்குத் திரும்பி இரும்புக் குழாய் வாங்கிய பிறகு.

எண்ணுவது எனக்குத் தொழில். நெல் கொள்முதல் நிலையங்களில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணியவன். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை. இட்லியை எண்ணுகிறேன், மாத்திரையை எண்ணுகிறேன், கோயில் பிராகாரத்தில் தூணை எண்ணுகிறேன். சாமி கும்பிட மறந்து வெளியே வந்துவிடுகிறேன்.

வேலை போன பிறகு வீட்டில் எனக்கென்று இருந்த இடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. விருந்தாளி வந்தால் அதுவும் கிடையாது. கொல்லையில் எனக்கொரு கதவு, அதற்குள் எனக்கொரு வேலை இருந்தால் மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். நினைப்பில் தப்பில்லை. கொல்லை என் மனைவியுடையது என்பதுதான் சிக்கல்.

அவள் தரங்கம்பாடிக்காரி, மீன் வியாபாரக் குடும்பம். நாங்கள் வயல்வேலை செய்த குடும்பம். கல்யாணம் முடிந்து ஆறு மாதம் இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. அதன்பிறகு அவர்களுக்கு அரிசியும் எங்களுக்கு மீனும் தேவைப்பட்டதால் பேசினார்கள். கொல்லையில் துணிக்கொடியும் வடகப் பாயும் போட அவள் முப்பத்தைந்து வருடமாக ஒரு இடம் வைத்திருந்தாள். போன வருடம் தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு, சரியாக அந்த இடத்தில் பன்னிரண்டுக்குப் பத்தடி அளந்து எட்டுத் தூண் நட்டேன்.

மேலே பாலித்தீன் ஷீட் இழுத்துக் கட்டிய வெல்டர், இறங்கி வியர்வையைத் துடைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குள்ள என்னத்தை அவிக்கப் போறீங்க?"

"தக்காளி."

"தக்காளி சாதமாவே வந்துரும் சார்."

மனைவி சிரித்துவிட்டு எனக்குக் கெடு வைத்தாள். "ஏங்க, ஒரு வருஷம் தரேன். அடுத்த பொங்கப் படையல் குழம்புக்கு இதுலேர்ந்து ஒரு காய் வரணும். ஒரே ஒரு காய். வந்துச்சுன்னா இது இருக்கட்டும். வரலன்னா பிரிச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு என் கொல்லையைக் குடுத்துடுங்க."

ஒரு வருடத்தில் ஒரு காய். ஆடு மேய்கிற நிலத்தில் கூட அது தானாக வரும். சரி என்றேன்.

மாசியில் செய்ய வேண்டியது விதைப்பு. தொண்ணூற்றெட்டுக் குழி உள்ள நாற்றுத் தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்ப வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் இரண்டு சொட்டு விழலாம், ஒழுகக் கூடாது. குழிக்கு ஒரு விதை. தக்காளியில் எண்பத்தொன்று முளைத்தது. மீதி பதினேழையும் எறும்பு தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். எண்பத்தொரு நாற்றையும் ஒவ்வொன்றாக விசாரிப்பதற்குக் காலையில் கதவைத் திறந்துகொண்டு போவேன். கொள்முதல் நிலையத்தில் கூட எனக்கு அவ்வளவு மரியாதை இருந்ததில்லை. நாற்றுகள் நின்றுகொண்டே இருக்கும்.

பங்குனியில் உட்கார்ந்தன. அப்புறம் படுத்தன. உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி ஐம்பத்திரண்டு காட்டியது. மகன் போனில், "வெண்டிலேஷன் வேணும்பா" என்றான். இரண்டு பக்கத்தையும் சுருட்டிவிட்டேன். உளுந்து பிடுங்கிய வயலிலிருந்து வந்த காற்று, உள்ளே இருந்ததைவிடச் சூடாக இருந்தது. ஒரு வாரத்தில் எண்பத்தொன்று மூன்றாகி, மூன்றும் போயின. பங்குனியில் பசுமைக்குடிலில் செய்ய வேண்டிய வேலை, சுருட்டியதை இறக்கி, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுப்பது.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் தரங்கம்பாடியிலிருந்து இரண்டு கூடை நெத்திலியோடு வந்தான். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வருவதற்குள் அக்காவுக்குக் கருவாடு சேர்த்துக் கொடுப்பது அவன் வழக்கம். குடிலைச் சுற்றி வந்து பார்த்தான்.

"மாமா, இதுக்குள்ள காக்கா வருமா?"

"ஈ கூட நுழைய முடியாது," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மாத்திரை வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் என் நாற்று மேசைகளில் வலையை விரித்து நெத்திலியைப் பரப்பியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் மனைவி ஒன்றை எடுத்து ஒடித்தாள். சடக்கென்று ஒடிந்தது.

"கடக்கரையில இது காயறதுக்குள்ள நாயும் காக்காயும் பாதியைத் தின்னுடும். இங்க பாருங்க, ஒரு மணல் இல்ல. கனடாக்காரனுக்குப் புத்தி இருக்குங்க."

நானும் ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். நெல்லின் ஈரம் பார்த்த கை அல்லவா. முப்பத்தொரு வருட வேலையில் அவ்வளவு சரியான காய்ச்சலில் ஒரு மூட்டை நெல் கூட என்னிடம் வந்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. வெளியே ஏழு பூனை, ஷீட்டில் மூக்கை ஒட்டிக்கொண்டு, நடை திறக்கக் காத்திருக்கும் பக்தர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

சித்திரையில் வடகமும் மோர்மிளகாயும் உள்ளே போயின. செய்தி தெருவுக்கும் போயிற்று. "சார், என் மிளகாயைக் கொஞ்சம் திருப்பி விட்டுடுங்க," என்று எதிர்வீட்டு அம்மா மதிலுக்கு மேலே இருந்து சொல்லிவிட்டுப் போவார். ஐந்து வீட்டு மிளகாயையும் கலக்காமல் திருப்பினேன். யாருடையது எத்தனை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கே தெரியாது.

ஆனியில் ஷீட்டைக் கழுவிச் சுருட்டிவிட்டுப் பச்சை நிழல்வலை போட்டேன். நம் ஊருக்கு முதலிலேயே போட்டிருக்க வேண்டியது அதைத்தான். ஆடியில் முக்கிய வேலை, காற்றில் வலை பறந்துபோகாமல் காப்பது. நான் மேற்குப் பக்கத் தூணில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அதன் அடியில் மனைவி உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். ஆடிப்பெருக்குக்கு ஐந்து அவரை விதை ஊன்றுகிறாளாம்.

"அது என் தூண்," என்றேன்.

"தூண் உங்களுது. மண்ணு என்னுது."

கொடி ஏறட்டும், ஓரமாகத்தானே என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறு பெரிய திட்டம் இருந்தது. ஆவணிக் கடைசியில் காலிஃபிளவரும் குடைமிளகாயும் விதைத்தேன். பசுமைக்குடில் வைத்திருக்கிறவன் வேறு எதைப் போடுவான்? புரட்டாசியில் இருபத்து நான்கு பைகளில் நட்டேன். உடனே மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் குடும்பத்தோடு குடியேறின. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். பெருமாளுக்காக வீடே அசைவத்தை நிறுத்தியிருந்த மாதத்தில் நான் மட்டும் தினம் நூறு உயிரைக் கொன்றுகொண்டிருந்தேன். நூறு என்பது குறைத்துச் சொன்னது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வலைக்கு மேலே மறுபடி ஷீட். அதற்குள் அவரை கூரைக்கு வந்திருந்தது. மனைவி ஒவ்வொரு கொடியாக விலக்கிப் பிடித்து, ஷீட் போட்டதும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல அதன் மேலே கிடத்தினாள். பிறகு உள்ளே வந்து நான்கு கொடிக்கயிறு கட்டினாள். ஊரெல்லாம் துணி காயாமல் நாறியபோது எங்கள் வீட்டுத் துணி மட்டும் மொறமொறவென்று காய்ந்தது. என் காலிஃபிளவர் வளர்ந்தது பாதி என் பனியன் சொட்டிய தண்ணீரில்.

கார்த்திகையில் போனுக்கு மணிக்கொரு தரம் புயல் எச்சரிக்கை வந்தது. ஷீட்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எட்டுத் தூணும் அடுத்த தெருவுக்குப் போகும். கழற்ற வேண்டுமென்றால் அவரையை அறுக்க வேண்டும். கத்தரிக்கோலோடு தூணருகே நின்றேன். உண்மையில் புயலைவிட அவரை மேல்தான் எனக்குக் கோபம். கூரையில் பாதியை மறைத்துவிட்டது. வெளிச்சம் இல்லாமல் என் குடைமிளகாய்ச் செடிகள் நெட்டையாகி, நோஞ்சான் பையன்கள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன.

"என்ன பண்றீங்க?" பின்னால் அவள் குரல்.

"கயித்து நுனி பிசிறு தட்டியிருந்துச்சு. வெட்டலாம்னு."

"வெட்டுங்க. அஞ்சு கொடி இருக்கு. சாயங்காலம் வந்து எண்ணுவேன்."

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் படகுக் கயிற்றோடு வந்து, கூரைக்குக் குறுக்கே ஆறு கட்டுப் போட்டு, வீட்டுத் தூணோடும் தென்னை மரத்தோடும் இழுத்து முடிந்தான். "இந்தக் கயித்துல படகே நிக்குது மாமா, உங்க கூண்டு நிக்காதா?" நின்றது. புயல் கடைசி நேரத்தில் மனம் மாறி ஆந்திராவுக்குப் போய்விட்டது. அதற்கு அவரைக்கொடி காரணம் என்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

மார்கழியில் பனி. ஷீட்டின் உள்பக்கம் விடியற்காலையில் வியர்த்துச் சொட்டும். காலை வெயிலுக்குப் பக்கங்களைச் சுருட்டிவிட வேண்டும், மாலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சாம்பல் பூத்த இலைகளைக் கிள்ளிப்போட வேண்டும். எல்லாம் செய்தேன். இருபத்து நான்கு பையில் மிஞ்சியது காலிஃபிளவர் மூன்று, குடைமிளகாய் பதினொன்று. பதினான்கு காய்! கேட்டது ஒன்று. போகியன்று மாலை இருப்பதில் பெரிய காலிஃபிளவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் போனேன். முறத்தில் மொச்சை புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்ன?"

"காய். நாளைக்குப் படையலுக்கு."

"இதைப் படையல்ல வைக்கச் சொல்றீங்களா? பொங்கலன்னிக்கு இந்த அடுப்புல நாட்டுக்காயைத் தவிர வேற எதாவது ஏறியிருக்கா? பரங்கி, பூசணி, வாழக்கா, சக்கரவள்ளி, மொச்சை, அவரை. உங்கம்மா வெச்ச சட்டம்ங்க. இந்தப் பூவை இலையில வெச்சா அவங்களுக்கு இது என்னன்னே தெரியாது."

நின்றேன். அறுபத்தேழு பொங்கல் சாப்பிட்டவன் நான். ஒரு பொங்கலில் கூடக் காலிஃபிளவர் இல்லை என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் விட மனசில்லை.

"தெரியாதுன்னு எப்படிச் சொல்ற? அம்மா போய் இத்தனை வருஷமாச்சு. அங்கயும் புதுசா ஆள் வந்துக்கிட்டுத்தானே இருக்காங்க. யாராவது காலிஃபிளவரைப் பத்திச் சொல்லியிருப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் முறத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். மொச்சை நாலைந்து கீழே உருண்டது.

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. பழைய இரும்பு எடுப்பவனின் வண்டி மாட்டுப்பொங்கலுக்கு வருமா வராதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் குளித்துவிட்டு வந்தவள், "ஸ்டூலைப் பிடிங்க," என்றாள். பிடித்தேன். குடிலின் கூரைமேல் கொத்துக் கொத்தாக அவரை. அவள் பறித்துப் போடப் போட நான் மடியில் வாங்கினேன். அறுபத்திரண்டு காய்.

"குடில்லேர்ந்து காய் வந்துடுச்சு," என்றேன்.

"எது? இது நான் போட்ட விதை."

"ஏறினது என் தூண். படர்ந்தது என் கூரை. உன் தம்பி கயிறு போட்டுக் கட்டினதும் என் கூரையைத்தான். இது இல்லேன்னா உன் அவரை தரையில கிடந்து மழையில அழுகியிருக்கும்."

ஸ்டூல் மேலேயே நின்று கொஞ்சம் யோசித்தாள். நியாயம் என்று வந்துவிட்டால் அவள் மீன் எடை போடுகிறவர் மகள்.

"சரி. பாதி உங்களுது."

"பாதி ஜெயிச்சேனா?"

"பாதிக் கொல்லையை எனக்குக் குடுங்க."

படையல் முடிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மனைவி காலிஃபிளவரை மசாலா தடவி வறுத்தாள். மச்சினன் சாப்பிட்டுவிட்டு, "நெத்திலி மாதிரியே இருக்கு மாமா," என்றான். என் காலிஃபிளவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இந்த மாசியில் வெல்டர் மறுபடி வந்தார். குடிலின் நடுவே தடுப்பு வைத்து, ஒரு பக்கத்துக்கு ஷீட், மறுபக்கத்துக்கு நிழல்வலை.

"அவிக்கிற பக்கம் எது, வளக்கிற பக்கம் எது சார்?" என்று கேட்டார். மனைவி கை காட்டினாள். அவளுடைய ஷீட் பக்கம் ஆறரை அடி, என் வலைப் பக்கம் ஐந்தரை. அளந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கதவு என் பக்கம்.

நாற்றுத் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை விதைப்பதற்கு முன்னால் அவளிடமே கேட்டேன், என்ன போடலாம் என்று.

"பங்குனியில நெத்திலி வரும். கருவாட்டுக் குழம்புன்னா கத்திரிக்கா வேணாமா?"

தொண்ணூற்றெட்டுக் குழியிலும் நாட்டுக் கத்தரி போட்டேன். தொண்ணூறு முளைத்தது. எட்டுப் போனதை நான் சொல்லவில்லை. அவள் வந்து எண்ணிவிட்டுப் போனாள்.