இடுப்பளவு தண்ணீரில் ஒரு ராப்

பழவேற்காடு ஏரியில், ஓலைப் பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு கையால் இறால் பிடிப்பவள் நான். வேலையில் பேச முடியாது. மனசுக்குள் பாட்டுக் கட்டுவேன். கரையேறியதும் போனில் புதிய ராப் வீடியோக்களைத் தேடுவேன்.

ஒருநாள், எளாவூர்ப் பெண்ணொருத்தி எங்கள் பேச்சிலேயே ராப் பாடும் வீடியோ கிடைத்தது. என் வரிகளைப் பாடி அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, இப்டி ஒரு குரல வச்சிக்கினு சும்மா கீற? அடுத்த வீடியோல நீதான் பாடணும்."

"ஊரே சிரிக்கும்" என்றார் என் கணவர்.

"சிரிக்கட்டும்யா" என்று போனேன். ஏரிக்குள் நின்றே பாடினேன். கூட வேலை செய்யும் பெண்கள் தண்ணீரைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

பிறகு ஒருநாள் பொன்னேரி பஸ்ஸில், கல்லூரிப் பெண்கள் சிலர் போனில் அந்தப் பாட்டை வைத்துக் கூடவே பாடினார்கள். பக்கத்தில் இருந்த என் கணவர் எட்டிப் பார்த்து, "பாடுறது என் சம்சாரம்மா" என்றார்.

"நெசமாவாக்கா? ஒரு தபா பாடுங்க."

எழுந்து நின்று பாடினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.