பத்துத் தண்ணீர் சுமந்த சோடா

"சின்னப்பன், ஆய்வக உதவியாளர். பணி: கண்ணாடிப் பாத்திரம் கழுவுதல். கல்வி: எழுதப் படிக்கத் தெரியாது." போர்ட் பிளேர் பள்ளி ஒன்றின் பணிப்பதிவேட்டில் 1966இல் இப்படி எழுதி, கீழே பெருவிரல் ரேகையும் வாங்கியிருந்தார்கள். பெயரும் ரேகையும் கழுவுவதும் உண்மை.

தூத்துக்குடிக்காரரான அவர் இன்டர்மீடியட்டில் வேதியியல் தேறியவர். எட்டாவதுக்கு மேல் படித்தவருக்கு அந்த வேலை கிடையாது என்றதும், படிப்பைக் கப்பலிலேயே விட்டு இறங்கினார். வேலை போனால் டெய்ரி ஃபார்ம் பேட்டையில் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸும் போகும். மனைவி கிளாராவுக்கு இப்போது ஏழாம் மாதம்.

அன்று செய்முறைத் தேர்வு. கல்கத்தாவிலிருந்து வந்த தேர்வாளர் தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மத்தியானக் கப்பலில் திரும்புகிறார். விட்டால் அடுத்த வருஷம்தான். ஆசிரியர் ஜெகநாதன் வழக்கம்போல 10.6 கிராம் சோடாவைத் தராசில் நிறுத்தார்.

கப்பல் கொண்டுவந்ததை வைத்துக் காரியம் நடத்துவது தீவின் வழக்கம். கேட்டது நீரற்ற சோடியம் கார்பனேட் தூள், வந்தது படிகம். தூள் ஒரு மோல் 106 கிராம். படிகமோ மூலக்கூறுக்குப் பத்துத் தண்ணீரைச் சுமந்துகொண்டு வருவது. அதனால் ஒரு மோல் 286 கிராம். லிட்டருக்குத் தேவை பத்தில் ஒரு மோல். ஜெகநாதன் நிறுத்ததில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை நம்பி அமிலத்தின் வலிமையைக் கணக்கிடும் முப்பத்தோரு பேரும் தவறான விடையைத்தான் எழுதுவார்கள்.

"சார், போன வருஷம் மாவு மாதிரில்லா இருந்திச்சு. இது கல்கண்டு கணக்கா இருக்கே?"

"சோடான்னா சோடாதான்யா. பாயசத்துலயா போடப் போறே? ஜல்தி, பியூரெட்டைக் கழுவு."

"டப்பாவுல என்னமோ எழுதிருக்கு சார்..."

ஜெகநாதன் நிமிர்ந்தார். "உனக்கெப்படித் தெரியும்? படிச்சியா?"

சின்னப்பன் டப்பாவிலிருந்து பார்வையை எடுத்தார். "கோடுகோடாத் தெரிஞ்சிச்சு சார்."

"அரே பாபா! கோடு பார்க்கிற ஆளுக்குக் கெமிஸ்ட்ரி எதுக்கு?" ஜெகநாதன் குடுவையில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினார்.

வராந்தாவில் தேர்வாளரின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். சின்னப்பன் கையிலிருந்த பியூரெட்டைக் கீழே வைத்தார்.

பதிவேட்டில் அடுத்த வரி, "பொய்த் தகவல் தந்ததற்காகப் பணிநீக்கம்" என்பது. அதற்கு முன் நடந்தது அதில் ஏறவில்லை. தேர்வாளர் வாசலில் நின்று பார்க்க, சின்னப்பன் கரும்பலகையில் வாய்பாட்டை எழுதி 286 என்று கூட்டிக் காட்டினார், குடுவையில் இருந்ததைத் தொட்டியில் கொட்டினார், 28.6 கிராம் நிறுத்து, ஒரு லிட்டராகக் கரைத்து வைத்தார்.