மாமா ஓட்டுப் போட்ட வியாழக்கிழமை

2006 ஜூன் 27, செவ்வாய்.

அபுதாபியிலிருந்து குவைத்துக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். போக வர டிக்கெட் எழுநூற்று இருபது திர்ஹம். பழைய தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று வார்டில் சொல்லி லீவு வாங்கினேன். அது பொய்யில்லை. ஆனால் செலினைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டுவிட்டு வரலாம் என்ற ஆசையும் உள்ளே இருந்தது.

நான் முட்டம், அவள் குளச்சல். நாகர்கோவிலில் ஒன்றாக நர்சிங் படித்தோம். எனக்கு அபுதாபியில் பெரிய மருத்துவமனை கிடைத்தது. அவளுக்குக் குவைத்தில் ஒரு சின்ன கிளினிக். அதையும் விட்டுவிட்டு ஒரு குவைத்திக் கிழவியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். “படிச்ச பொண்ணு வீட்டு வேலைக்குப் போயிட்டே” என்று ஊரில் பேசினார்கள். நானும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டதுண்டு.

விமான நிலையத்துக்கு அந்த வீட்டுக் காரிலேயே வந்திருந்தாள். பளபளப்பான வெள்ளை வண்டி, தனி டிரைவர். முகம் பூசினாற்போல் இருந்தாள். பரிதாபப்படுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

“ஏட்டி ரோஸி, நல்ல நேரத்துல வந்திருக்க. நாளக் கழிச்சு எலெக்‌ஷன்!”

“ஆருக்கு எலெக்‌ஷன்?”

“எங்களுக்குத்தான்” என்றாள். அந்த ‘எங்களுக்கு’ என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

வெயில் நாற்பத்தேழு டிகிரி. சாலையின் இருபுறமும் தாடி வைத்த வேட்பாளர்களின் ஆளுயரப் படங்கள். நடுநடுவே அபாயா என்ற கறுப்பு அங்கி அணிந்த பெண் வேட்பாளர்களின் படங்களும். காலி மனைகளில் பெரிய கூடாரங்கள். உள்ளே ஏசி, சரவிளக்கு, வரிசையாக சோபாக்கள். பேச்சு கேட்க வருகிறவர்களுக்கு ஆட்டுக்கறி பிரியாணி உண்டாம்.

சால்மியாவைத் தாண்டி ஒரு புறநகரில் அந்த வீடு. அங்கே வீட்டு எஜமானியான அந்தக் கிழவியை வேலைக்காரர்கள் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. சக்கர நாற்காலி, வலது கையில் ஓயாத நடுக்கம். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து அவர் நெற்றியில் முத்தமிடுகிறார்கள். ஆனால் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் மகன் நாசர்தான். செலினுக்கு விசா கொடுத்திருக்கும் கஃபீலும் அவரே.

சாப்பிடும்போது மாமா தன் தட்டிலிருந்து நல்ல மீன் துண்டாக எடுத்துச் செலின் தட்டில் வைத்தார். எட்டு வருடமாக அபுதாபியில் எத்தனையோ பேருக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். எனக்கு யாரும் ஒரு துண்டு மீன் எடுத்து வைத்ததில்லை.

ஜூன் 28, புதன்.

மதியச் சாப்பாட்டுக்கு நாசர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். என்னிடம் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். பிறகு தாயும் மகனும் அரபியில் பேசத் தொடங்கினார்கள். பேச்சு சூடாகியது. செலின் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாசருக்கு வேண்டிய வேட்பாளர் ஒருவர். உறவு முறையும்கூட. ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு உறுப்பினர் என்பதால் ஒருவர் இரண்டு பேருக்குக் குறி போடலாம். “ஒண்ணு நம்ம ஆளுக்கு, இன்னொண்ணு உங்க இஷ்டம்” என்கிறார் மகன். “ரெண்டும் என் இஷ்டம்” என்கிறார் தாய்.

“அந்த ஆளு மேல அம்மாக்கு என்ன கோவம்?” என்று கேட்டேன்.

“ஏழு வருசம் முன்ன, சபை கலைஞ்சு கெடந்த நேரத்துல, பொம்பளையளுக்கும் ஓட்டுண்ணு இங்கத்த ராஜா, அமீரே உத்தரவு போட்டாரு பாத்துக்கோ. பெறவு ஜெயிச்சு வந்த ஆம்பளையள் சபையில ஓட்டெடுத்து அத தள்ளிட்டாவ. போன வருசந்தான் சட்டமாச்சு. அப்பமும் இந்த ஆளு வேண்டாம்ணு கை தூக்கினவன்.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்து ராணியைப் பற்றிப் படித்திருக்கிறேன். முடி அவர் தலையில், அதிகாரம் சபையில் என்று பாடம். இங்கே கதை வேறு. பிரதமரை அமீர் நியமிக்கிறார். மந்திரிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கச் சபைக்கு உரிமை உண்டு. கேள்வி முற்றினால் அமீர் சபையையே கலைக்கலாம்; போன மாதம் அப்படித்தான் கலைத்திருந்தார். ஆனால் கலைத்தால் இரண்டு மாதத்துக்குள் தேர்தல் வைத்தாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். புதிதாக வரும் அமீரும் அந்தச் சபையின் முன்னால் வந்துதான் சத்தியம் செய்ய வேண்டும். ஜனவரியில், பதவிக்கு வந்த அமீர் நோயில் இருந்ததால் சபையே ஓட்டெடுத்து அவரை விலக்கியதை இவர்கள் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அபுதாபியில் ஆட்சி மாறியதை நான் உணர்ந்தது வார்டுச் சுவரில் படம் மாறியபோதுதான்.

நாசர் கடைசியாக ஒன்று சொன்னார். செலின் அதையும் பெயர்த்தாள்: “யாரு ஜெயிச்சா என்னம்மா, அமீர் நெனச்சா வீட்டுக்கு அனுப்பிருவாரு.”

மாமா நடுங்கும் விரலை உயர்த்தினார். “அனுப்பட்டும். அனுப்பிட்டு நம்ம வாசலுக்குத்தான திரும்ப வரணும்? உங்க அப்பா ஒவ்வொரு தடவ ஓட்டுப் போடப் போறப்பமும் அவரு அங்கிய நான் தேச்சுக் குடுத்தேன். நாளைக்கி என் அபாயாவ யாராவது தேச்சுத் தாங்க.”

நாசர் எழுந்து தாயின் நெற்றியில் முத்தமிட்டார். போகும்போது செலினை வராந்தாவுக்கு அழைத்து ஏதோ சொன்னார்.

மாலையில் சால்மியா கடற்கரையில் நடந்தோம். ஈரக்காற்று முகத்தில் ஒட்டியது. செலின் தேர்தலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். தொகுதிகளைக் குறைக்கக் கேட்டு ஆரஞ்சுக் கொடியோடு திரிகிற இளசுகள், ஜெயிக்க வாய்ப்புள்ள பெண்கள் என்று மூச்சு விடாமல் பேசினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அது அவுங்க ஓட்டுட்டி. ஒன்னதில்ல. அந்தம்மா கண்ண மூடினா மறு வாரம் ஒன்ன ஏர்போட்ல கொண்டு விட்டுருவாவ.”

செலின் நின்றுவிட்டாள். “எனக்குத் தெரியாதா ரோஸி? செப்டம்பர்ல விசா முடியுது. இண்ணைக்கி நாசர் என்ன சொன்னாருண்ணு கேட்டியா? அம்மாக்குக் கை நடுங்கும், நீ பிடிச்சு நம்ம ஆளுக்குப் போட வையி, பெறவு விசா விசயம் பேசலாம்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தலைய ஆட்டிட்டு வந்தேன். வேற என்ன செய்ய?”

எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவளுடைய சிம்மாசனமும் அப்படி ஒன்றும் உறுதியானதில்லை. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

ஜூன் 29, வியாழன்.

காலை எட்டு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கும். ஏழு மணிக்கே மாமா தயார். பெண்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், ஆண்களுக்குத் தனி. வாசலில் கூட்டம். ஆரஞ்சுத் துணி கட்டிய கல்லூரிப் பெண்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். வயதான பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கல்யாண வீடு போலச் சத்தம் போட்டார்கள்.

காவலுக்கு நின்ற பெண் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு, “துணைக்கு ஒருத்தர் மட்டும்” என்று விரலைக் காட்டினார். நானும் நர்ஸ்தான், நானும் தள்ளுவேன் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் மாமா பின்பக்கம் கையை நீட்டிச் செலினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருவரும் உள்ளே போனார்கள். நான் சுவரோரம் கிடைத்த நிழலில் நின்றேன்.

போன மாதம் எங்கள் மாநிலத்திலும் தேர்தல் நடந்தது. வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு ஓட்டில்லை என்று என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகத் தம்பி போனில் சொன்னான். “நீதான் வரப்போறதில்லியே, பெறகென்ன?” என்றான். நானும் சரியென்று வைத்துவிட்டேன். ராஜா இல்லாத நாட்டில் பிறந்து, ஓட்டுரிமையைக் கேட்காமலே பெற்று, அது போனதைக்கூட இரண்டு நிமிடத்தில் மறந்தவள் நான். இங்கே ஒரு கிழவி ராஜாவையும் சபையையும் தாண்டிக் காத்திருந்து அதை வாங்கியிருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணையும் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தார்கள். மாமாவின் முகம் சிவந்திருந்தது. காரில் ஏறும் முன் செலின் அவசரமாகச் சொன்னாள்:

“என்ன கோட்டுக்கு அந்தப் பக்கமே நிப்பாட்டிட்டாவ. உதவி வேணுமாண்ணு நீதிபதி கேட்டாரு. வேண்டாம்ணுட்டா. அந்தக் கைய வச்சுக்கிட்டுக் குறி போட எவ்வளவு நேரம்! பின்னால அவ்வளவு பெரிய வரிசை நிக்குது, ஒருத்தி ‘யல்லா, சீக்கிரம்’ண்ணு சொல்லணுமே. மூச்சுக் காட்டல.”

கார் கிளம்பியது. நான் முன் சீட்டில். பின்னால் மாமா “தஆலி” என்று செலினை அருகே இழுத்து அவள் காதில் ஏதோ சொன்னார். செலின் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். டிரைவரின் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாலையில் நாசர் வந்தார். செலினிடம் நேராகக் கேட்டார். அவள் அசையாமல் நின்று, “என்னைத் தள்ளி நிற்க வைத்துவிட்டார்கள் சார். நான் பார்க்கவில்லை” என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் “கலாஸ்”, முடிந்தது, என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனார். முடிந்தது பேச்சா, அவள் வேலையா என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. செலின் சாப்பிடவில்லை.

ஜூன் 30, வெள்ளி.

காலையில் டிவியில் முடிவுகள். நாடு முழுவதிலும் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை. நாசரின் ஆள் ஜெயித்துவிட்டார். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

தொழுகை முடிந்து நாசர் பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்தார். தாயின் நெற்றியில் இரண்டு தடவை முத்தமிட்டார். அவர் எதை நம்பிக்கொண்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. செலின் பக்கம் திரும்பி, “பாஸ்போர்ட்டை எடுத்து வை. விசா புதுப்பிக்கக் கொடுக்கிறேன்” என்றார். செலின் தலை குனிந்து நன்றி சொன்னாள். மாமா ஓர் இனிப்பை எடுத்து நிதானமாகச் சுவைத்தார்.

பிறகு மகனிடம், அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்டார்; செலின் எனக்குப் பெயர்த்தாள். நாலு வருடம் என்றார் நாசர். மாமாவின் முகம் வாடியது. தன் வயதை எண்ணிப் பார்த்தார் போல.

செலின் சமாதானப்படுத்தினாள். “அமீர் சபையைக் கலைத்தால் முன்னாலேயே வரும் மாமா.”

மாமா இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி ஏந்தினார். “அல்லா அமீருக்கு நீண்ட ஆயுள் தரட்டும். சீக்கிரம் கலைக்கட்டும்!”

நாசரே சிரித்துவிட்டார்.

ஜூலை 1, சனி.

விமான நிலையத்தில் செலினைத் தனியே இழுத்துக் கேட்டேன்.

“மாமா ஆருக்குப் போட்டா?”

“அது சொல்லப்படாதுட்டி.”

“என்ட்டகூடவா?”

“ஒன்ட்டகூடத்தான்” என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் படுத்துப் படித்தவர்கள். அவளிடம் எனக்குத் தராத ஒன்று இருப்பது இதுவே முதல் தடவை. கடலுக்கு மேலே பறந்த ஒன்றரை மணி நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மீன் துண்டையும் வெள்ளைக் காரையும் மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்க முடியவில்லை.

அபுதாபியில் இறங்கியபோது எங்கள் ஹாஸ்டல் வண்டி ஓட்டும் முருகேசன் அண்ணன் காத்திருந்தார். தேவகோட்டைக்காரர், எல்லா நர்சுகளையும் தங்கச்சி என்பார்.

“என்ன தங்கச்சி, குவைத்துல என்ன பாத்தீய?”

“எலெக்‌ஷன் பாத்தேன் அண்ணே.”

“நம்மூர்ல பாக்காத எலெக்‌ஷனா?”

அவரிடம் மாமாவின் கதையைச் சொன்னேன். மகன் கேட்டது, கை நடுங்கியது, வரிசை பொறுமையாக நின்றது எல்லாம். முசஃபா திருப்பத்தில் சிக்னல் விழுந்தது. அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார்.

“கடைசியில அந்த ஆத்தா யாருக்குத்தான் ஓட்டுப் போட்டுச்சு?”

“அது சொல்லக்கூடாது அண்ணே” என்றேன், எனக்குத் தெரியும் என்பது போல.