லேசரா, சுரண்டுறதா? கவுண்டர்ல மாட்டுனவ சொல்றேன்

ஒன்னுக்குப் போறதுல பிரச்சன வந்தா நம்ம ஆம்பளைங்க டாக்டர்கிட்ட உண்மையச் சொல்றதுக்கு முன்னாடி கவுண்டர்ல ஒரு பொய்யச் சொல்லிட்டுத்தான் உள்ள போவாங்க. அந்தப் பொய்யக் கேட்டுக்கிறதுதான் என் வேல. மலேசியாவுல ஈப்போ டவுன்ல ஒரு யூரோலஜி கிளினிக், ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கேன். கவுண்டர்ல உக்காந்து பல்லக் கடிக்கிற என் சொந்தங்களே, உங்களுக்காகத்தான் இத டைப் பண்றேன். நடுவுல போன் அடிக்கும், பிரிண்டர் பேப்பரத் திங்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

முதுகு வலி

சுப்ரா அங்கிள் பக்கத்து ஊரு செமோர்ல ஸ்கூல் பஸ் ஓட்டுறவரு. வயசு அறுபத்தாறு. மொத நாள் வந்து என்ன பிரச்சனன்னு கேட்டேன். "முதுகு வலி"ன்னாரு. இங்க முதுகு பாக்க மாட்டாங்க அங்கிள்னேன். "அப்ப கால் வலி"ன்னாரு. பின்னாடி அவர் பொண்டாட்டி லெட்சுமி ஆண்ட்டி பைய மடியில வச்சிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

விஷயம் என்னன்னா, புரோஸ்டேட் வீங்கி ஒன்னுக்குப் பாதைய நெருக்குது. அடிக்கடி முட்டும், ராத்திரி தூங்க விடாம எழுப்பும், போனா சொட்டுச் சொட்டா வரும். பிள்ளைங்களோட அப்பா அம்மாங்க வாட்ஸாப் குரூப்ல, லீவு முடிஞ்சி ஸ்கூல் தொறக்கறப்பவும் இப்படியே இருந்தா வேற பஸ் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. முப்பது வருஷமா அவரு ஓட்டுற ரூட்டு. ஆண்ட்டிதான் எழுந்து வந்து சொன்னாங்க: "பஸ்ஸ ஓரமா நிறுத்திட்டுச் செம்பனைக் காட்டுக்குள்ள போயிடறாரும்மா, பிள்ளைங்க ஒன்னு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க."

காலியா வந்த மனுசன்

எங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கு. அதுல ஒன்னுக்குப் போனா எவ்வளவு வேகமா வருதுன்னு கோடு போட்டுக் காட்டும். வயிறு முட்ட தண்ணி குடிச்சிட்டு, போகாம அடக்கிக்கிட்டு வரணும். அங்கிள் மொத ரெண்டு தடவையும் காலியா வந்தாரு. கிளினிக் வாசல்ல நுழையறதுக்கு முன்னாடி எதுத்த காப்பிக்கடை தண்டாஸ்ல போயிட்டு வந்துடுவாரு. ஏன் அங்கிள்னு கேட்டா, டாக்டர் முன்னாடி முட்டிக்கிட்டு நிக்கிறது மரியாதை இல்லையாம்.

மூணாவது தடவ இங்கயே உக்கார வச்சி அஞ்சு கிளாஸ் தண்ணி குடுத்தேன். முட்டிடுச்சி. ரூமுக்குள்ள போனாரு. பத்து நிமிஷம் சத்தமே இல்ல. நான் வெளிய நின்னு, வருதா அங்கிள், குழாயத் திறந்து விடட்டுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். உள்ளேர்ந்து பாவமா ஒரு குரல்: "நீ போய் ஒரு மைலோ குடிச்சிட்டு வாம்மா, நீ நிக்கிற வரைக்கும் இது வராதுலா."

பம்ளிமாஸ் பாடம்

டாக்டர் பொறுமையா வெளக்கினாரு. ரெண்டு வழி இருக்கு, ரெண்டுக்குமே வயித்தக் கிழிக்க வேணாம், ஒன்னுக்குப் பாதை வழியாத்தான் உள்ள போறது. ஒன்னு, கரண்டுக் கம்பியால சுரண்டி எடுக்கிறது. ரொம்ப காலமா பண்றாங்க, நல்லாவே வேல செய்யும். இன்னொன்னு லேசர், ரத்தம் கொறைவா வரும். அங்கிளுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க தெனம் மாத்திரை போடறாரு. அதனால ஹார்ட் டாக்டரக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு அனுப்பிட்டாரு.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு லேசர்னா ஒரு பைத்தியம், எல்லா வீடியோவும் பாத்து வச்சிருக்கேன். கவுண்டர்ல யாரோ குடுத்த பம்ளிமாஸ் பழம் கெடந்துச்சி. அத உரிச்சி, தோல் அப்படியே இருக்கும் அங்கிள், உள்ள இருக்கிற சுளைய மட்டும் எடுத்துடுவாங்கன்னு காட்டினேன். சுரண்டுறதுன்னா அந்த மாத்திரைய நிறுத்தணும், லேசர்னா அவ்வளவு பயமில்லன்னும் சேத்துச் சொல்லி வச்சேன். அங்கிள் ஒரு சுளைய எடுத்துத் தின்னுக்கிட்டே சொன்னாரு: "என் கூட்டாளி சுரண்டித்தான் எடுத்தான், இப்ப பைப்பு மாதிரி போறான். வெளிச்சம் பட்டு கரையறதுக்கு இது என்ன ஐஸ் கச்சாங்கா?"

விரதம்

ரெண்டு வாரம் கழிச்சி, ஹார்ட் டாக்டரப் பாத்துட்டாரான்னு கேட்டுட்டு தேதி சொல்லலாம்னு போன் போட்டேன். அங்கிள் குரல்ல அவ்வளவு சந்தோஷம். "நான் ரெடிம்மா, விரதம் ஆரம்பிச்சி ஆறு நாளாச்சி"ன்னாரு. தீமிதிக்கு இருக்கிற மாதிரியே ஆப்பரேஷனுக்கும் இருக்காராம். கறி இல்ல, மீன் இல்ல, சிகரெட் இல்ல. நல்லதுதான் அங்கிள்னேன். "அந்த ரத்த மாத்திரையும் நிறுத்திட்டேன். நிறுத்தணும்னு நீதானே சொன்ன."

ஸ்டென்ட் வச்சவங்க அத அவங்களா நிறுத்துனா உள்ள ரத்தம் கட்டிக்கும், ஹார்ட் அட்டாக்கே வரலாம். கதவக் கூட தட்டாம டாக்டர் ரூமுக்குள்ள ஓடினேன். டாக்டர் என் கையிலேர்ந்து போன வாங்கி, நெஞ்சு வலிக்குதா, மூச்சு வாங்குதான்னு கேட்டாரு. இல்லன்னதும், ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பச் சொன்னாரு. அன்னிக்கு மூணு மணி வரைக்கும் நான் ஒரு ஃபைல் கூட ஒழுங்கா எடுக்கல. அப்புறம் லெட்சுமி ஆண்ட்டி கூப்பிட்டாங்க. ஹார்ட் நல்லா இருக்காம், மாத்திரைய அங்கயே திரும்ப ஆரம்பிச்சிட்டாங்களாம். அந்த மாத்திரைய ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாதுன்னு ஹார்ட் டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அதோட லேசர்னு முடிவாயிடுச்சி.

டாக்டர்கிட்ட நானாவே போய் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். எங்க டாக்டர் யாழ்ப்பாணத்து ஆளு, கத்த மாட்டாரு. கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சிட்டு, மெதுவா சொன்னாரு: "பிள்ளை, பழத்தைச் சாப்பிடுங்கோ, பாடம் எடுக்காதேங்கோ."

பஸ் கெளம்பிடுச்சி

லேசர் நல்லபடியா முடிஞ்சிது. ஒன்னுக்குப் போக வச்சிருந்த டியூப ரெண்டு நாள்ல கழட்டிட்டாங்க. ஆனா வீடியோவுல வர்ற மாதிரி மறுநாளே எல்லாம் சரியாயிடல, மூணு வாரம் எரிச்சல், அவசரம். அங்கிள் ஒரு நாளைக்கு நாலு தடவ போன் போடுவாரு, நானும் ஒவ்வொரு தடவையும் இருங்க டாக்டரக் கேட்டுட்டு சொல்றேன்னுதான் சொன்னேன். டாக்டர் ஓட்டலாம்னு சொன்னப்புறந்தான் ஸ்டியரிங்கத் தொட்டாரு. ஸ்கூல் தொறந்து ஒரு வாரம் ஆச்சி, குரூப்ல யாரும் வேற பஸ் தேடல.

போன வாரம் செக்கப்புக்கு வந்தாங்க. இப்ப எப்படின்னு கேட்டேன், அங்கிள் சிரிச்சிக்கிட்டே சுவத்தப் பாத்தாரு. ஆண்ட்டிதான் பதில் சொன்னாங்க: "அவரு நல்லா தூங்குறாரும்மா, நான்தான் முழிச்சிக்கிட்டு இன்னும் எழும்பலையே, மூச்சு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறேன்."

இப்பல்லாம் லேசரா சுரண்டுறதான்னு யாரு கேட்டாலும், உக்காருங்க, தண்ணி குடிங்க, டாக்டர் கூப்பிடுவாருன்னு சொல்லிட்டு நான் வாய மூடிக்கிறேன்.